ஏழாவது டே ஆர்டர்

காற்றாலைகள் நாலாபுறமும் சுற்றிக்கொண்டிருக்கிற, அவற்றைப் பார்த்தபடியே பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப்பேர் கண் அசந்துவிடுகிற மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி இருந்தது. அங்கே யாரும் திங்கள், செவ்வாய் என்று கிழமை சொல்லுவதில்லை. டே ஆர்டர்தான். ஒன்று முதல் ஆறு வரை நாளுக்கு ஒரு எண். மழைக்கு லீவு விட்டாலும், தலைவர் யாராவது செத்து லீவு விட்டாலும், ஊர்க் கோயில் கொடைக்கு லீவு விட்டாலும், அந்த எண் அப்படியே காத்திருந்து, கல்லூரி மறுபடி திறக்கிற அன்றைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். கிழமை போனால் போகட்டும், பாடவேளை போகக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு முதல்வர் செய்துவைத்த ஏற்பாடு. தினமும் காலை எட்டரை மணிக்கு அட்டெண்டர் வெயிலுகந்தான் வாசலில் உள்ள கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து, அன்றைய எண்ணைச் சாக்பீஸால் எழுதுவார். அவர் எழுதுகிற வரைக்கும், வெயில் முதுகில் ஏறியிருந்தாலும் கல்லூரிக்கு நாள் பிறக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்தக் கல்லூரியின் கணினி அறிவியல் துறையில் டைம்டேபிள் போடுகிறவள் உலகம்மை. நாற்பத்து மூன்று வயது, உதவிப் பேராசிரியர், வீட்டில் கணவரும் பிளஸ் டூ படிக்கிற மகளும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் துறைக் கூட்டத்தில், "சார், இதுல ரெண்டாம் வருஷத்துக்கு ஒரே ஹவர்ல ரெண்டு கிளாஸ் வருது" என்று வாயைத் திறந்து சொன்னாள். சொன்னதுதான் குற்றம். அன்றிலிருந்து அந்த வேலை அவள் தலையில் விழுந்தது, பிறகு இறங்கவே இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை, ஆறு நாளைக்கு முப்பது கட்டம். அந்த முப்பது கட்டத்துக்குள் யாருக்கும் முதுகுவலி வராமலும், யாருக்கும் யாரோடும் சண்டை வராமலும், மூன்று வகுப்புகள் ஒரே லேபுக்குள் போய் முட்டிக்கொள்ளாமலும் அடுக்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். யாரும் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. தன் பெயர் எங்கே வருகிறது என்று மட்டும் பார்ப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், போவார்கள்.

அந்த வருஷம் ஜூன் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிதாக ஒரு பாடம், அதற்கு ஒரு லேப், எல்லா வகுப்புக்கும் கட்டாயம். அதே ஜூன் மாதம்தான் இரண்டு ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள், அந்த இடங்களுக்கு ஆள் போடுகிற உத்தேசம் கல்லூரிக்கு இல்லை. உலகம்மை கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வகுப்புக்கும் முப்பத்தைந்து பாடவேளை வந்தது. இருப்பதோ முப்பது கட்டம். துறைத்தலைவர் ஞானதிரவியத்திடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார், யாருக்காகவும் மேலே பேசவும் மாட்டார்.

"எப்படியாவது பொருத்திருங்க மேடம்."

"சார், முப்பதுக்குள்ள முப்பத்தஞ்சு எப்படி சார் போகும்?"

"உங்களுக்குத் தெரியாததா? எப்படியாவது பொருத்திருங்க."

மூன்று நாள் உட்கார்ந்தாள். இங்கே இருந்து எடுத்து அங்கே வைத்தாள், அங்கே இருந்து எடுத்து இங்கே வைத்தாள், கம்ப்யூட்டர் திரையில் கட்டங்கள் பச்சையாகி மஞ்சளாகிச் சிவந்து போயின. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிடாத வயிறும் எரிகிற கண்ணுமாக இருந்த நேரத்தில், ஆறாவது வரிசைக்குக் கீழே இருந்த வெற்று வரிசையில் விரல் போய் நின்றது. ஏழு என்று அடித்தாள். ஐந்து கட்டம் திறந்தது. வெளியே நின்ற ஐந்து பாடவேளைகளும் மழைக்கு ஒதுங்குகிற ஆடுகளைப் போல ஒவ்வொன்றாக உள்ளே போய் நின்றுகொண்டன. எங்கேயும் முட்டல் இல்லை. பதினோரு வருஷத்தில் அவள் போட்ட டைம்டேபிள்களிலேயே அதுதான் அழகானது. பார்த்துச் சிரித்துக்கொண்டாள், நாளைக்கு வந்து சரி செய்துகொள்ளலாம் என்று மூடினாள். அவள் சரி செய்வதற்குள் ஞானதிரவியம் அதைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டார், முதல்வர் அதன்கீழே போட்டார், தாளாளர் அதற்கும் கீழே போட்டார். மூன்று பேரும் கையெழுத்துப் போடுகிற இடத்தைத்தான் பார்த்தார்கள்.

ஆறாவது டே ஆர்டர் முடிந்த மறுநாள், ஏழாவது வந்தது.

உலகம்மை விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது, மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், கணவர் தூங்கிக்கொண்டிருந்தார், உலுக்கினாலும் எழவில்லை. மூச்சு சீராக இருந்தது. கைபேசியில் மணி இருந்தது, தேதி இல்லை. சுவரில் தினசரிக் காலண்டர் நேற்றைய தாளோடு நின்றது, கிழிக்கப் போனால் அது கைக்கு வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. தெருமுனையில் கல்லூரி பஸ் மட்டும் வழக்கம்போல இரண்டு தடவை ஹாரன் அடித்தது. டைம்டேபிளின் அடியில் பஸ் நேரமும் பலகை எழுதுகிறவர் பெயரும் அச்சாகியிருந்ததால் டிரைவரும் வெயிலுகந்தானும் விழித்துவிட்டார்கள். கல்லூரி வாசலில் அவர் பலகையில் ஏழு என்று எழுதிவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க குடுத்த பேப்பர்ல அப்படித்தான மேடம் இருக்கு," என்றார்.

பெயர் கட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்: கணினித் துறையின் மூன்று வகுப்புகளும் ஆறு ஆசிரியர்களும். உலகத்தில் வேறு யாரும் விழித்திருக்கவில்லை. அதற்காக யாரும் அலறி ஓடிவிடவில்லை. மணி ஒன்பதரை ஆகியிருந்தது, முதல் பாடவேளை தொடங்கிவிட்டது, வருகைப்பதிவு எடுத்தார்கள். மாலையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய், உறங்கும் குடும்பத்தோடு தாங்களும் படுத்துக்கொண்டார்கள். விழித்தபோது வியாழக்கிழமை, டே ஆர்டர் ஒன்று, பால்காரர் மணி அடித்தார். நோட்டில் எழுதினது நோட்டில் இருந்தது. படித்தது தலையில் இருந்தது.

முதல் மாதம் பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். அந்த நாளில் கடை கிடையாது, பால் கிடையாது. முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி எடுத்து வந்தார்கள். பிள்ளைகள் கூச்சல் போட்ட பிறகு, கேன்டீன் மாஸ்டரின் பெயரையும் ஒரு கட்டத்தின் ஓரத்தில் எழுதினாள் உலகம்மை, அடுத்த ஏழில் அவரும் விழித்து உளுந்தவடை போட்டார். செவ்வாய், வெள்ளி கறி சாப்பிடாதவர்கள் ஏழில் சாப்பிடலாமா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. ஜோசியரிடம் கேட்டதற்கு, கிழமை இல்லாத நாளில் ராகுகாலம் கிடையாது, ஆனால் நல்ல நேரமும் கிடையாது என்று சொல்லி அனுப்பினார். தாளாளர் காதுக்கு விஷயம் போனபோது எல்லோரும் பயந்தார்கள். அவர் சந்தோஷப்பட்டார். வருஷத்துக்கு நாற்பது நாள் கூடுதல். காலண்டரில் இல்லாத நாளுக்கு யாரும் சம்பளம் கேட்க முடியாது. கணிதத் துறைக்கும் வணிகவியலுக்கும் ஒவ்வொரு வரிசை சேர்க்கச் சொன்னார், வராதவர்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினார்.

உடம்பு மட்டும் அந்த நாளை ஒளிக்கவில்லை. தலைமுடிக்குப் பூசின மை சீக்கிரம் வெளுத்தது. கணிதத் துறையில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த ஒரு பெண் டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே பிரசவித்தாள்; குழந்தை நிறைமாதமாக இருந்தது, டாக்டருக்குத்தான் குழப்பம். உலகம்மைக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, ஆறு நாள் நின்று பேசி, யாருக்கும் தெரியாத ஒரு நாளிலும் போய் நின்று பேசி, திரும்பி வந்தால், நேற்று நீ அலுத்துக்கொள்கிற மாதிரி என்ன வேலை பார்த்தாய் என்று கணவர் கேட்டார். டைம்டேபிள் போடுகிறவள் என்ற ஒரே சலுகையில் ஏழாவது வரிசையில் தனக்கு ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருந்தாள்: ரெண்டாம் வருஷம், மூன்றாம் பாடவேளை, மூன்றாவது மாடி லேப். அந்த ஒன்றுகூட மலையாகத் தெரிந்தது.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. லீவு எடுக்கிறவர் தன் பாடவேளையை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு ஆல்ட்டர் நோட்டு என்று நீளமான ஒரு நோட்டு: யாருடைய ஹவர், யார் எடுக்கிறார், எடுப்பவர் கையெழுத்து, கடைசியில் 'திருப்பிக் கொடுத்த தேதி' என்று ஒரு பத்தி. அப்பன் செத்தாலும் அந்த நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏற முடியும். எடுத்துக்கொண்ட ஹவரை என்றாவது ஒரு நாள் திருப்பி எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை.

ஆகஸ்டில் ஒரு ஆறாவது டே ஆர்டர் அன்று உலகம்மை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பேச்சிமுத்துவிடம் போனாள். பேச்சிமுத்து கெஸ்ட் லெக்சரர், முப்பத்து நான்கு வயது, எந்த வேலை சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். அவனுக்குச் செண்பகம் என்று மனைவியும் மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளையும் இருந்தார்கள்.

"நாளைக்கு என் ஹவரை எடுத்துக்கிடுதியா தம்பி?"

"என்ன விசேஷம் மேடம்?"

"ஒண்ணுமில்ல. தூங்கணும்போல இருக்கு."

அவன் சிரித்தான். "நல்லாத் தூங்குங்க மேடம். எனக்கு மூணாவது ஹவர் ஃப்ரீதான்," என்று கையெழுத்துப் போட்டான்.

ஏழு அன்று உலகம்மை பஸ் ஹாரனைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். மகளின் மேல் கையைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். அப்படி ஒரு தூக்கம் அவளுக்கு வாய்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் ஞானதிரவியம் சட்டையெல்லாம் நனைந்து நின்றார்.

"பேச்சிமுத்து போயிட்டான் மேடம்."

காலையிலேயே நெஞ்சு கரிக்கிறது என்று கேன்டீனில் சோடா கேட்டிருக்கிறான். மூன்று மாடி ஏறிப் போய்க் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவன் பாதி வரியில் பலகையைப் பிடித்தபடி சரிந்திருக்கிறான். பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பஸ்ஸில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கதவு திறந்துதான் இருந்தது. டாக்டர் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், நர்ஸ் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். உலுக்கினார்கள், கத்தினார்கள், டாக்டர் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். அவர் தூக்கத்திலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேன்டீன் மாஸ்டரின் பெயரைக் கட்டத்தில் எழுதத் தோன்றிய யாருக்கும் ஒரு டாக்டரின் பெயரை எழுதத் தோன்றியிருக்கவில்லை. உலகம்மைக்கும்தான்.

சாயங்காலமாகிவிட்டது, என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் அவன் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். பாயில் செண்பகம் தூங்கிக்கொண்டிருந்தாள், குழந்தை அவள் முந்தானையைப் பிடித்தபடி தூங்கியது. பக்கத்தில் அவனுடைய தலையணை காலியாக இருந்தது. அதிலேயே அவனைக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள்.

ஏழிலிருந்து மறுநாளுக்குத் தூங்கி விழித்துத்தான் வர வேண்டும், வேறு வழி இல்லை. அவன் விழிக்கவில்லை, அதனால் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் செண்பகம் எழுந்தபோது தலையணை காலியாகவே இருந்தது. கல்லூரிக்கு முன்கூட்டியே போயிருப்பான் என்று நினைத்துச் சோறு கட்டி வைத்தாள். சாயங்காலம் வரை பார்த்தாள். வெள்ளிக்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்தாள்.

"அவிய எங்க போயிருக்காவன்னு தெரியுமா சார்? போன் எடுக்க மாட்டுக்காவ."

வரவில்லை என்று சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. போலீஸில் காணவில்லை என்று எழுதிக்கொடுத்தாள். கல்லூரியில் தகவல் இன்றி விடுப்பு என்று சிவப்பு மையில் எழுதினார்கள். முதல்வர் துறையைக் கூப்பிட்டு, இல்லாத தேதியில் செத்தவனுக்கு எந்தச் சான்றிதழ் வாங்க முடியும், நாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். உலகம்மையும் ஆட்டினாள், அதை நினைத்து நினைத்து அவள் பிறகு கூசிப்போனாள். அவன் பெயரை மற்ற நாட்களின் கட்டங்களில் எல்லாம் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாள், எந்த நாளிலும் அவன் வரவில்லை.

அடுத்த ஏழில் ஞானதிரவியமும் உலகம்மையும் அவன் வீட்டுக்குப் போனார்கள். வைத்தது வைத்தபடி கிடந்தான். உலகத்துக்கு ஒரு வாரம் போயிருந்தாலும் அவனுக்கு ஒரு நாள்தான் போயிருந்தது. ஆனால் அந்த ஒரு நாள் போயிருந்தது, அறைக்குள் நுழைந்ததும் தெரிந்தது. செண்பகத்தின் கை தூக்கத்தில் நகர்ந்து அவன் மார்மேல் கிடந்தது.

"அடுத்த ஏழுக்குத் தாங்காது மேடம்," என்றார் ஞானதிரவியம், மூக்கைப் பொத்திக்கொண்டு. "நாமளே கொண்டுபோய் எரிச்சிருவோம்."

"பொண்டாட்டி அவன் முகத்தப் பாக்காமலயா சார்?"

"எப்படி மேடம் பாக்கும் அந்தப் பிள்ள? தூங்குதுல்லா."

உலகம்மை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேன்டீன் மாஸ்டரை எழுப்பின வழிதான் ஞாபகம் வந்தது. "ஒரு வாரம் பொறுங்க சார்" என்றாள்.

திங்கட்கிழமை செண்பகம் வாசலுக்கு வந்தபோது, உலகம்மை அவளைச் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் கூட்டிப்போய், ஆல்ட்டர் நோட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். டே ஆர்டர், ஏழு, மூன்றாவது மாடி, டாக்டர், தலையணை. செண்பகம் அப்படியும் ஒரு நாள் உண்டா என்று கேட்கவில்லை. தூங்கி எழுந்தால் கையில் ஒரு வாசனை இருக்கிறது, சோப்புப் போட்டும் போகவில்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"எத்தனையாவது ஹவர்?"

"மூணாவது."

"இந்த நோட்டு அடுத்தவங்க ஹவர எடுக்கதுக்குல்லா. யாரு ஹவர் அது?"

"என் ஹவர்."

"நீங்க எங்க போயிருந்திய?"

மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம், ஒரு செத்த வீட்டுத் துஷ்டிக்குப் போயிருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் ஏழாம் நாளில் யாருக்கும் காய்ச்சல் வராது, துஷ்டியும் கிடையாது.

"தூங்கினேன்மா."

செண்பகம் அவள் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"என் பேர எழுதுங்க," என்றாள்.

ஏழாவது வரிசையில் காலிக் கட்டம் கிடையாது; பேச்சிமுத்துவின் கட்டங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று, மற்ற துறைகளும் வந்ததில் ஓரங்களிலும் இடமில்லை. யார் பெயரையாவது எடுத்தால்தான் இன்னொரு பெயரை வைக்கலாம். உலகம்மை தன் பெயரை அழித்துவிட்டு மூன்றாம் பாடவேளையில் செண்பகம் என்று எழுதினாள். ஞானதிரவியம் கையெழுத்துப் போட்டார், கீழே மற்ற இருவரும் போட்டார்கள். வழக்கம்போல யாரும் படிக்கவில்லை. அதோடு உலகம்மைக்கு ஏழாம் நாள் முடிந்துபோனது. மற்ற ஊர்ச்சனங்களைப் போல அவளும் அந்த நாளைத் தூங்கியே கடந்தாள், அந்தச் சாவுக்கு அவள் போக முடியவில்லை. நடந்ததை மறுநாள் கேன்டீன் மாஸ்டர்தான் சொன்னார்: செண்பகம் விழித்ததும் போட்ட சத்தத்துக்கு அந்தத் தெருவே எழுந்து வந்திருக்க வேண்டும், ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. பிள்ளைகள் விறகு பொறுக்கினார்கள். சுடுகாட்டில் வேலை பார்க்கிறவர் தன் குடிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். கொள்ளி வைக்க ஆள் இல்லாமல், அந்தப் பெண்ணே வைத்தாள். நின்றுபோன காற்றாலைகளுக்கு நடுவில் புகை எந்தப் பக்கமும் சாயாமல் நேரே மேலே போயிற்று.

"குழந்தைய எழுப்பிக் காட்டப் பாத்துது மேடம்," என்றார் மாஸ்டர். "எழும்பலை."

அதற்குப் பிறகு செண்பகத்துக்கு இரண்டு வாழ்க்கை. மற்ற நாட்களில் அவள் காணாமல் போனவனின் மனைவி. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, வாசலில் மாமியார் உட்கார்ந்துகொண்டு, "எம்புள்ள வந்திருவான், நீ பூ வைக்காம இருக்காதட்டி" என்று அவள் தலையில் பிச்சியை வைத்துவிடுவாள். ஏழாம் நாள் அவள் விதவை. எழுந்ததும் பொட்டை அழித்துவிட்டு, தூங்குகிற மாமியாரின் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுவாள், அழுது முடித்துக் குளித்துவிட்டு பஸ் ஏறிக் கல்லூரிக்கு வந்து, தன் பெயர் எழுதியிருக்கிற மூன்றாம் பாடவேளைக்கு மூன்றாவது மாடிக்கு ஏறி, அவன் கடைசியாக நின்ற இடத்துக்கு எதிரே முதல் பெஞ்சில் உட்காருவாள். ஏழாம் நாளின் பலகையில் அவன் எழுத்து அப்படியே இருந்தது, மற்ற நாட்களில் அதே பலகையில் அது இருக்காது. துடைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அந்த ஒரு மணி நேரமும் ரெண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் அவள் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

உலகம்மைக்குக் கருவளையம் மறைந்தது. அதைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

டிசம்பரில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. அந்தப் புதுப் பாடம் அடுத்த செமஸ்டரில் கிடையாது, நேரம் போதவில்லை என்று பல கல்லூரிகள் முறையிட்டதால் திரும்பப் பெறப்படுகிறது. அதோடு, பிப்ரவரியில் ஆய்வுக்குழு வரப் போகிறது என்று தகவலும் வந்தது. ஞானதிரவியம் பல மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

"ஏழை எடுத்திருங்க மேடம். முப்பதும் முப்பதுக்குள்ளயே வந்திரும். மத்த துறையிலயும் எடுத்தாச்சு, தாளாளரும் சரின்னுட்டாரு. குழு வந்து கேட்டா நாம என்னன்னு சொல்ல?"

துறையே பெருமூச்சு விட்டது. பிள்ளைகள் மிட்டாய் கொடுத்தார்கள். உலகம்மை மட்டும் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழை எடுத்துவிட்டால் பேச்சிமுத்து செத்த நாள் இருக்காது, எரித்த சாம்பல் இருக்காது, அந்தப் பலகை மற்ற நாட்களில் இருக்கிற மாதிரி வெறும் பலகையாகத்தான் இருக்கும். செண்பகம் வாரம் முழுக்கப் பூ வைத்துக்கொண்டு, வர மாட்டான் என்று தெரிந்த ஒருவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேன்டீன் மாஸ்டர் மூலம் விஷயம் போயிருக்க வேண்டும், செண்பகம் மறுநாளே வந்துவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் அழுததுக்கு அந்த ஒரு நாள்தான் மேடம் இருக்கு. அதையும் எடுத்திராதிய."

"ஒரு ஆள் பேருக்காக ஒரு வரிசைய வைக்க முடியாதும்மா. எடுக்க ஒரு ஆள், கேக்க ஒரு ஆள், ரெண்டும் இருந்தாத்தான் கட்டம் நிக்கும். ஆறு நாள்ல எல்லாம் முடியும்போது ஏழுல வந்து யாரு எடுப்பா?"

செண்பகம் அதே பார்வை பார்த்தாள், சைக்கிள் ஸ்டாண்டில் பார்த்த பார்வை.

"அது உங்க ஹவர்தான?" என்றாள். "நீங்க வந்து எடுங்க."

உலகம்மை வீட்டுக்குப் போய் மகளைப் பார்த்தாள். மகளுக்குப் பதினேழு. ஏழுக்குள் போனால் வாரத்துக்கு ஒரு நாள் மகளைவிட அதிகமாக மூப்பு வரும், அது யாருக்கும் தெரியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது, வரும் வருஷங்களில் என்றாவது ஒரு நாள் தாயைப் பாட்டியா என்று யாராவது கேட்டால்தான் தெரியும். அதைவிட, பெயர் ஒரு தடவை உள்ளே போனால் எடுக்கிற நாள் வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் பயந்தாள். அழுதாள். மூன்றாம் நாள் போய், முப்பது கட்டத்தையும் நிரப்பிவிட்டு, கீழே ஏழாவது வரிசையில் நான்கு கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மூன்றாவதில் மட்டும் இரண்டு பெயர்களை எழுதினாள். எடுப்பவர் உலகம்மை. வகுப்பு செண்பகம். பஸ் நேரத்தையும் வெயிலுகந்தான் பெயரையும் ஆறோடு நிறுத்தினாள், அவர்களாவது தூங்கட்டும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜனவரியில் முதல் ஏழு வந்தது. பஸ் வரவில்லை. தேதி இல்லாத வெளிச்சத்தில் இரண்டு பெண்களும் இரண்டு தெருக்களிலிருந்து நடந்து வந்தார்கள், ஆளில்லாத ரோட்டில் சந்தித்தார்கள், பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். காற்றாலைகள் நின்றுகொண்டிருந்தன. கல்லூரி வாசலில் வெயிலுகந்தான் இல்லாததால் உலகம்மையே பலகையைத் துடைத்து ஏழு என்று எழுதினாள்.

மூன்றாவது மாடியில் செண்பகம் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பொட்டு இல்லை, பூ இல்லை. கரும்பலகையில் பேச்சிமுத்துவின் எழுத்து, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, ஐந்தாவது வரியின் பாதியில் கீழே இழுத்துக்கொண்டு போய் முடிந்திருந்தது. உலகம்மை அதன் ஓரத்தில் ஒதுங்கி நின்றுகொண்டு, அவன் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினாள். ஒரு வேலை இன்னொரு வேலைக்காகக் காத்திருப்பதையும், வரிசையில் முதலில் வந்தது முதலில் போவதையும், போகாமல் நின்றுவிட்டால் பின்னால் இருக்கிறதெல்லாம் நின்றுவிடுவதையும், கம்ப்யூட்டரைத் தொட்டே பார்த்திராத அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் விளக்கினாள். செண்பகம் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

மணி அடிக்க ஆள் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து உலகம்மை நிறுத்தினாள். பையிலிருந்து ஆல்ட்டர் நோட்டை எடுத்து, ஆகஸ்ட் மாதத்துப் பக்கத்தைத் திறந்தாள். பேச்சிமுத்துவின் கையெழுத்து இருந்தது. திருப்பிக் கொடுத்த தேதி என்ற பத்தியில் பேனாவை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். அன்றைக்கு என்ன தேதி என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அன்றைக்குத் தேதி இல்லை. மை ஒரு புள்ளியாக ஊறிற்று. நோட்டை மூடினாள்.

செண்பகம் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"இன்னைக்கு நடத்தினது எனக்கு ஒண்ணும் விளங்கலை மேடம்," என்றாள். "அடுத்த வாரமும் வந்து முதல்ல இருந்து நடத்துங்க."

"சரிம்மா," என்றாள் உலகம்மை.